மூணாப்புக்கு மேற்குச் சுவர்

முத்திருளனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தன் மகள் அழகம்மாள் நாள் முழுக்க வாத்தியார் முகத்தைப் பார்த்துப் படிக்க வேண்டும். இது என்னய்யா பெரிய ஆசை, எல்லாப் பிள்ளையும் அப்படித்தானே படிக்குது என்று நீங்கள் கேட்கலாம். எழுமலைப் பக்கம் கருத்தக்கண்ணன் வாத்தியாரிடம் படித்திருந்தால் கேட்கமாட்டீர்கள்.

அது ஓராசிரியர் பள்ளிக்கூடம். ஒரு ஓட்டுக் கட்டடம், அதில் ஒரே அறை, அஞ்சு வகுப்பு, ஒரு வாத்தியார். அஞ்சு வகுப்பும் ஒரே நேரத்தில் தன் மூஞ்சியைப் பார்த்தால் மனுஷன் எதைச் சொல்லிக்கொடுப்பான் என்று வாத்தியார் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஒண்ணாப்பு கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். ரெண்டாப்பு தெற்கு. மூணாப்பு மேற்கு. நாலாப்பு வடக்கு. அஞ்சாப்புக்குச் சுவர் மிச்சமில்லை. அது வாசலைப் பார்த்து உட்கார்ந்து, இன்ஸ்பெக்டர் வருகிறாரா என்று கவனித்துக்கொள்ளும். யாருக்கு முறை வருகிறதோ அந்த வகுப்பு மட்டும் வாத்தியார் பக்கம் திரும்பலாம். முறை இல்லாத நேரத்தில் திரும்பினால் முதுகில் குச்சி விழும்.

முத்திருளன் அங்கே அஞ்சு வருஷம் படித்தான். ஒண்ணாப்பில் இருந்தபோது முதுகுக்குப் பின்னால் நடந்த அஞ்சாப்பு வட்டிக் கணக்கு காதில் விழுந்தது. அஞ்சாப்புக்கு வந்தபிறகு ஒண்ணாப்பின் அணில், ஆடு, இலைதான் விழுந்தது. மேற்குச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. அது எங்கே ஆரம்பித்து எங்கே வளைந்து எங்கே முடிகிறது என்று கேட்டால், இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவான். வாத்தியாருக்கு மீசை உண்டா என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பான்.

1981 மே மாதத்தில் அழகம்மாள் அதே பள்ளியில் ரெண்டாப்பு முடித்தாள். அடுத்து மூணாப்பு. தான் பார்த்த அதே விரிசலை மகளும் ஒரு வருஷம் பார்க்கப்போகிறாள் என்பதை முத்திருளனால் பொறுக்க முடியவில்லை. அப்போது அவன் கப்பலூரில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு நாள் பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தான். மதுரை தல்லாகுளத்தில் இன்டர்நேஷனல் இருமொழிப் பள்ளி. ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக் கவனம். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் ஆள் விழுந்துவிட்டான். அந்த மாதமே மனைவி ஒச்சாயியையும் மகளையும் தல்லாகுளத்துக்குக் குடி கொண்டுவந்துவிட்டான். அவன் வேலைக்குப் போக ரெண்டு பஸ் மாற வேண்டும். மாறினால் என்ன, காலா தேய்ந்துவிடும் என்றான்.

பள்ளி நடந்தது ஒரு பழைய பங்களாவில். வாசலில் சிமெண்டில் ஆளுயரத்துக்கு ஒரு பூமி உருண்டை. கேட்டிலிருந்து பின்சுவர் வரைக்கும் நட்ட நடுவே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு இடப்பக்கம் நின்றால் தமிழ்தான் பேச வேண்டும், வலப்பக்கம் நின்றால் இங்கிலீஷ்தான் பேச வேண்டும். அதுதான் இருமொழிக் கொள்கை. குடிதண்ணீர்ப் பானை தமிழ்ப் பக்கத்தில் இருந்தது. கக்கூஸ் இங்கிலீஷ் பக்கத்தில். ஆகையால் எல்லாப் பிள்ளைகளும் ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை மட்டும் வெள்ளைக்காரன் மாதிரி சொல்லும். காவல்காரர் சுடலை கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்து நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் குட்மார்னிங் என்று ஒரே மூச்சில் சொல்வார். காலை மாற்றி வைத்ததற்காக அவருக்கு ரெண்டு தடவை மெமோ கொடுத்திருக்கிறார்கள்.

பள்ளியின் டைரக்டர் டாக்டர் பி. ஆண்டி. பெற்றோர் வைத்த பெயர் பேயாண்டி. கொழும்புக்குப் போய்ப் பதினெட்டு நாள் இருந்துவிட்டு வந்தபிறகு நடுவில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார். டாக்டர் பட்டம் தபாலில் வந்தது. அவர் மேசையின் நடுவிலும் கோடு ஓடியது. அவர் இங்கிலீஷ் பக்கம், வந்தவர்கள் தமிழ்ப் பக்கம். யாரையாவது திட்டவேண்டுமென்றால் மட்டும் எழுந்து தமிழ்ப் பக்கம் வருவார். அந்த விஷயத்தில் இங்கிலீஷ் அவருக்குப் போதவில்லை.

முத்திருளன் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். மூணாப்புக்கென்று தனி அறை, தனி வாத்தியார் உண்டா? டைரக்டர் மெதுவாக எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு, தமிழ்ப் பக்கம் வந்தார்.

"மூணாப்புங்கிறது ஒரு ஜெயிலு. வயச வச்சுப் பிள்ளைகளப் பிரிக்கிறது வெள்ளைக்காரன் செஞ்ச சதி. இங்க நாலு வயசும் பதினாலு வயசும் ஒரே ரூம்ல உக்காரும். மல்டி ஏஜ். என்னையவே எடுத்துக்கங்க. அஞ்சாப்புல நான் நாலு வருசம் இருந்தேன். கூட உக்காந்தவனுக்கெல்லாம் என்னவிட வயசு கம்மி. அப்பவே நான் மல்டி ஏஜ். அந்தக் காலத்துல அதுக்கு பெயிலுன்னு பேரு வச்சிருந்தாய்ங்க."

வாத்தியார் முகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் உட்காருமா என்று முத்திருளன் இழுத்தான். இங்கே வாத்தியார் என்ற பேச்சே கிடையாது என்றார் டைரக்டர். வழித்துணை என்று ரெண்டு பேர் உண்டு. பிள்ளைகள் வட்டமாக உள்பக்கம் பார்த்து உட்காரும். வழித்துணை வெளிப்பக்கம் சுற்றிச் சுற்றி வரும். முகத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பது சர்வாதிகாரமாம். ஊர்ப் பள்ளியிலிருந்து டி.சி. வாங்கி வரட்டுமா என்று கேட்டதற்குத்தான் டைரக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. டி.சி.யில் வகுப்பு எழுதியிருக்கும், வகுப்பு எழுதின காகிதத்தை இந்த வளாகத்துக்குள் விடமாட்டேன் என்று கத்தினார்.

இதற்குப் பிறகும் முத்திருளன் மகளைச் சேர்த்தானே, அவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்று ஒச்சாயி பல நாள் கேட்டாள். விஷயம் இதுதான். உள்ளே நுழையும்போதே அவன் அறைகளை எண்ணியிருந்தான். அஞ்சு இருந்தது. அஞ்சு வகுப்புக்கு அஞ்சு அறை, மிச்சமெல்லாம் பெரிய மனுஷன் பேச்சு என்று நினைத்துவிட்டான். அந்த அஞ்சில் ஒன்று டைரக்டர் உட்கார, ஒன்று டைரக்டர் சிந்திக்க, ஒன்று வருங்காலத்தில் பள்ளிக்குக் கிடைக்கப்போகும் கோப்பைகளை வைக்க, ஒன்று பூட்டியே கிடந்தது. மிச்சமிருந்த ஒரு அறையில் நாற்பத்தஞ்சு பிள்ளைகள் இருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

அழகம்மாளை ஊதா வட்டத்தில் போட்டார்கள். அந்த வட்டத்தில் பால்பல் விழாத பிள்ளையும் இருந்தது, மீசை அரும்பின பையனும் இருந்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவளிடம் இன்றைக்கு டீச்சர் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று அப்பன் கேட்டால், டீச்சர் முதுகுப் பக்கமா போனாங்கப்பா, செருப்புச் சத்தம் கேட்டுச்சு என்பாள். முத்திருளன் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுவான்.

மல்டி ஏஜுக்கு மேல் வரம்பு எதற்கு என்று டைரக்டருக்கு ஆடி மாதத்தில் ஒரு யோசனை வந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் பெற்றோரும் வட்டத்தில் வந்து உட்கார வேண்டும் என்று சுற்றறிக்கை. இரும்பை ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகாமல் கடைகிற முத்திருளன், நாலு வயதுப் பிள்ளை ஒன்றின் மேற்பார்வையில் நூலில் பாசிமணி கோத்தான். அந்தப் பிள்ளை அவனை ரெண்டு தடவை கண்டித்தது. மாதக் கடைசியில் அவனுக்கும் ஒரு முன்னேற்ற அறிக்கை வந்தது. விரல்களில் ஒத்துழைப்பு குறைவு, நிறங்களை அடையாளம் காண்பதில் ஆர்வம் உண்டு, பக்கத்துப் பிள்ளையின் மணியை எடுக்கக் கூடாது. கீழே பெற்றோர் கையெழுத்து என்று ஒரு கோடு. அவன் அப்பன் செத்து ஒன்பது வருஷமாகிறது. ஒச்சாயிதான் சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள்.

தீபாவளி முடிந்த கையோடு சுவிட்சர்லாந்திலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா பள்ளியைப் பார்வையிட வந்தார். டைரக்டர் ஒரு வாரமாக பூமி உருண்டைக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார். அவசரத்தில் இமயமலைக்கு மேல் நீலம் கொட்டி, அது கடலாகிப்போனது. வந்த அன்றைக்கு என்று பார்த்து ரெண்டு வழித்துணைகளும் வரவில்லை; ஒருத்தருக்குக் காய்ச்சல், இன்னொருத்தருக்குக் கல்யாணம். நாற்பத்தஞ்சு பிள்ளைகளும் அறைக்குள் போட்ட கூச்சலில் சுடலை ரெண்டு காலையும் ஒரே பக்கம் வைத்துக்கொண்டு ஓடிவந்தார். டைரக்டர் இங்கிலீஷ் பக்கம் நின்று சைலன்ஸ் என்றார், தமிழ்ப் பக்கம் ஓடி அமைதி என்றார். கோட்டைத் தாண்டித் தாண்டி வேட்டி அவிழ்ந்ததுதான் மிச்சம்.

அப்போது அழகம்மாள் எழுந்தாள். அவளுக்கு இது ஒன்றும் புதுசில்லை. ஒரே அறையில் அஞ்சு வகுப்பு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தக் கட்டடத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். மூலையில் கிடந்த ஒட்டடைக் குச்சியை எடுத்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள். குட்டிப் பிள்ளைகளெல்லாம் கிழக்கே திரும்பு, அடுத்தது தெற்கே, அதற்கடுத்தது மேற்கே, வடக்கே என்று பிரித்தாள். மீசை அரும்பினவனை வாசலைப் பார்க்க உட்காரவைத்தாள். ஒரு நிமிஷத்தில் அறை அடங்கிவிட்டது. நாற்பத்து நாலு பிள்ளைகளும் அவரவர் திசையைப் பார்த்துச் சிலேட்டில் எழுத ஆரம்பித்தார்கள்.

வெள்ளைக்காரம்மா கைகூப்பி நின்றுவிட்டார். முப்பது நாடுகளில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, கவனச்சிதறலே இல்லாத கல்வி, இந்த முறைக்கு என்ன பெயர் என்று கேட்டார். டைரக்டர் அழகம்மாளைப் பார்த்தார். கருத்தக்கண்ணன் வாத்தியாரு என்றாள் அவள். அது பாண்டியர் காலத்து ஞானமுறை என்று டைரக்டர் உடனே மொழிபெயர்த்துவிட்டார். மறுவாரம் ஒரு வாடகைக் காரை எடுத்துக்கொண்டு எழுமலைப் பக்கம் போனார்.

கருத்தக்கண்ணன் வாத்தியார் இருபத்தேழு வருஷமாக ஒரு நாள் லீவு போட்டதில்லை. போட்டால் பள்ளியைப் பார்க்க ஆள் கிடையாது. பிரதம ஆலோசகர் பதவி, சுற்றுகிற நாற்காலி, மேலே மின்விசிறி என்று டைரக்டர் அடுக்கினபோது வாத்தியார் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். மத்தியானம் ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுக்க இடம் உண்டா? சிந்திக்கும் அறை இருக்கிறதே என்றார் டைரக்டர். பொங்கல் கழித்து வாத்தியார் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

வாத்தியார் வந்த சேதி முத்திருளனுக்குத் தெரியாது. பட்டறையில் அவசர வேலை என்று ராத்திரியும் அங்கேயே தங்கி, ரெண்டு சனிக்கிழமை வட்டத்துக்கு மட்டம் போட்டிருந்தான். மூன்றாவது சனிக்கிழமை உள்ளே நுழைந்தவன் அப்படியே நின்றான். வட்டங்களைக் காணவில்லை. பிள்ளைகளும் பெற்றோரும் நாலு சுவரையும் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சுற்றுகிற நாற்காலி. அதில் யாரோ குச்சியோடு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். நாற்காலி மெல்லச் சுற்றியது.

"டேய் முத்திருளா, எம்புட்டு நேரமா நிப்ப. மேக்கே திரும்பு."

முப்பத்து நாலு வயது ஆள், ஒரு பிள்ளைக்குத் தகப்பன், யோசிக்காமல் மேற்கே திரும்பிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மீசை இருக்கிறதா என்று பார்ப்பதற்குள் திரும்பிவிட்டான். எதிரே பங்களாச் சுவர், புது வெள்ளை, ஒரு விரிசல்கூட இல்லை. பக்கத்தில் அழகம்மாள் அதே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்காக ஊரை விட்டு, ரெண்டு பஸ் மாறி, பாசிமணி கோத்து, இத்தனை மாதம் அலைந்தோமோ அது மொத்தமும் தன் மகளை அதே வாத்தியாருக்கு முதுகு காட்டி உட்காரவைக்கத்தான் என்று அவனுக்கு அந்த இடத்தில் உறைத்தது. அழுகை வந்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதில் ஒரு வசதி, அழுதால் யாருக்கும் தெரியாது.

மே மாதக் கடைசியில் ஒச்சாயியின் அண்ணன் மொக்கையன் ஊரிலிருந்து வந்து ஒரு சேதி சொன்னான். வாத்தியார் ராஜினாமாவோடு சேர்த்து அஞ்சு வகுப்பு ரிஜிஸ்டரின் நகலையும் கல்வி ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறார். அஞ்சிலும் ஆசிரியர் பெயர் கருத்தக்கண்ணன். அந்தப் பக்கத்தில் ஒரே சாமி பெயரை ஊரில் அஞ்சு பேர் வைத்திருப்பது அதிசயமா என்ன. அஞ்சு கருத்தக்கண்ணன்கள் ஒரே நாளில் வேலையை விட்டிருக்கிறார்கள், என்ன தகராறு என்று விசாரிக்கவும் என ஆபீசில் ஒரு குறிப்பு எழுதிவிட்டு, அஞ்சு காலியிடத்துக்கும் ஆள் போட்டுவிட்டார்கள்.

"அஞ்சு வாத்தியாரு மாப்ள. வகுப்புக்கு ஒரு ஆளு. ஒரே ரூம்ல அஞ்சு பேரு எப்படிப் பேசுறதுன்னு நாங்களே கீத்துத் தட்டி வச்சு அடச்சுக் குடுத்துட்டோம். அடுத்த வாரம் பள்ளிக்கூடம் தொறக்குது."

முத்திருளன் சாப்பிட்ட கையைக் கழுவாமல் டைரக்டரிடம் ஓடினான். டி.சி. வேண்டும் என்றான். டைரக்டர் தாராளமாக எழுதிக் கொடுத்தார். வகுப்பு என்ற இடத்தில் ஊதா வட்டம் என்று போட்டிருந்தது. இதை எந்தப் பள்ளியில் ஏற்பார்கள், நாலாம் வகுப்பு என்று ஒரு வார்த்தை போடுங்கள் சார் என்று முத்திருளன் மன்றாடினான். டைரக்டர் தமிழ்ப் பக்கம் வந்தார். ஆனால் திட்டவில்லை, குரலைத் தணித்துக்கொண்டார்.

"வகுப்புன்னு நான் ஒரு தடவ எழுதிட்டா இது பள்ளிக்கூடம்னு ஆயிரும். பள்ளிக்கூடம்னா கவர்மெண்டுக்காரன் வந்து அங்கீகாரம் எங்கம்பான். அங்கீகாரத்துக்கு நான் எங்க போறது. வகுப்பே இல்லாத எடத்துக்கு எவன் வந்து என்னத்தக் கேப்பான். மல்டி ஏஜ்ல உள்ள தத்துவமே அதுதான."

முத்திருளன் காகிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தான். ஒரு வருஷப் படிப்பு ஊதா வட்டமாகப் போயிற்று. எந்த ஊரில் எந்த வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பது. திரும்ப மூணாப்பிலிருந்தா? சிந்திக்கும் அறையைத் தாண்டும்போது உள்ளே படுத்திருந்த கருத்தக்கண்ணன் வாத்தியார் கூப்பிட்டார். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பேச்சு முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

"ஒம்மக பேர நான் எங்கடா அடிச்சேன்? நீதான் டி.சி.யே வாங்கலயே. அவ பேர அடிச்சா பிள்ளைக பத்தொம்பது. இருபதுக்குக் கொறஞ்சா பள்ளிக்கூடத்த மூடிருவாய்ங்க. அவளுக்கு ஒரு நாள் லீவு இல்ல. நாலாப்பு போயிட்டாடா."

வாத்தியார் போனபிறகும் ஏப்ரல் வரைக்கும் அந்தப் பள்ளி வாத்தியார் இல்லாமலேயே ஒழுங்காக நடந்திருக்கிறது. பிள்ளைகள் அவரவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். அஞ்சாப்புச் சட்டாம்பிள்ளை, வாத்தியார் பழக்கிவிட்டபடி, அழகம்மாள் ஆஜர் என்று தினம் போட்டிருக்கிறான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று முத்திருளன் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு மகளோடு ஊருக்குப் போனான். இனி ஒச்சாயியும் பிள்ளையும் ஊரில், அவன் பட்டறையிலேயே படுத்துக்கொண்டு ஞாயிறுக்கு ஞாயிறு வந்துபோவது என்று முடிவாகியிருந்தது. புதுத் தலைமை ஆசிரியர் ரிஜிஸ்டரைப் பிரித்துப் பார்த்து, வருஷம் முழுக்க ஒரு நாள்கூட வராமல் இருந்ததில்லை என்று அழகம்மாளைக் கூட்டத்தில் நிறுத்திப் பாராட்டி, ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்தார். முத்திருளன் தலையைக் குனிந்துகொண்டான். அழகம்மாள் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

நாலாப்பு டீச்சர் பெயர் சாதிகா. மதுரை டவுனிலிருந்து முதல் வேலைக்கு வந்த பெண். தென்பக்கத் தட்டியில் கரும்பலகையை மாட்டி, முத்து முத்தாகத் தேதி எழுதிவிட்டுத் திரும்பினார். எதிரே ஆறு பிள்ளைகள், ஆறு முதுகுகள். நாலாப்பு வடக்குத் தட்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எல்லாரும் கருத்தக்கண்ணன் வாத்தியார் வளர்த்த பிள்ளைகள்தானே. டீச்சர் பிள்ளைகளா என்று கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

தட்டி இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த முத்திருளனுக்குத் தாங்கவில்லை. கூப்பிடாமலே உள்ளே வந்து மகளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"திரும்பி உக்காரு தாயி."

"எங்க மொற வரலப்பா. ஒண்ணாப்புக்கு யாரு சொல்லிக் குடுப்பா?"

"அவுகளுக்கு வேற ஆளு இருக்கு. இந்த டீச்சரு ஒங்களுக்கு மட்டுந்தான். பொழுது சாயிற வரைக்கும் ஒங்க மொறதான்."

அழகம்மாள் அதை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. முதுகில் குச்சி விழுமோ என்று தோளைக் குறுக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து தெற்கே திரும்பினாள். அவளைப் பார்த்து மற்ற அஞ்சு பேரும் திரும்பினார்கள்.

அன்று சாயங்காலம் டீச்சர் என்ன சொல்லிக்கொடுத்தார் என்று முத்திருளன் கேட்டான். பாடம் ஒன்றும் அவளுக்கு நினைவில்லை. சாதிகா டீச்சருக்கு இடது கன்னத்தில் ஒரு மச்சம் இருக்கிறது, சிரித்தால் அது கொஞ்சம் மேலே போகிறது என்று சொன்னாள். முத்திருளன் அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கப்பலூர் பஸ்ஸுக்குக் கிளம்பினான்.